பிள்ளையாரின் மஞ்சள் பெட்டிகள்

வாரத்துக்கு முந்நூற்றுப் பத்துக் கிலோ. சதுர்த்தி வந்தால் அறுநூறைத் தாண்டும். வாழைப்பழம், உடைத்த தேங்காய், அறுகம்புல், முதல்நாள் மாலைகள். வடமேற்கு லண்டனில், முன்பு கம்பளக் கிடங்காக இருந்த கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு பிள்ளையார் கோயிலின் பின்கதவால் இவ்வளவும் வெளியே போனது. போன இடத்தில் அதற்கு என்ன நடக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டரை வருடமாக ஒரே ஆள்தான் பதில் சொன்னாள். ஜெயகௌரி.

வயது ஐம்பத்திரண்டு. சட்பரியில் வீடு, கணவர் பஸ் ஓட்டுகிறார், மகள் தனுஷியா பல்கலைக்கழகத்தில். லண்டனுக்கு வந்த 2001 முதல் ஜெயகௌரி ஆறு வருடம் சான்ட்விச் தொழிற்சாலையில் முட்டை அடுக்கினாள், அதன்பிறகு பதினொரு வருடம் முதியோர் இல்லத்தில் துணி துவைத்தாள். 2019இல் ஏஜென்சிக்காரர் அவளை இரண்டு வாரத்துக்கென்று பார்க் ரோயல் தொழிற்பேட்டைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு பூச்சிப் பண்ணை. இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

பண்ணை வளர்ப்பது ஒரு வகைக் கறுப்பு ஈ. ஆங்கிலத்தில் அதைச் சிப்பாய் ஈ என்கிறார்கள். அதன் புழு கண்டதையும் தின்னும், பன்னிரண்டு நாளில் கொழுக்கும். கொழுத்த புழுவைச் சலித்து, கொதிநீரில் போட்டு, காயவைத்து, அரைத்தால் கோழிக்கும் மீனுக்கும் நாய்க்கும் தீவனம். சல்லடைக்குக் கீழே விழும் எச்சம் செடிகளுக்கு நல்ல பசளை. ஈயாக மாறியதோ எதையும் தின்னாது. ஒரு வாரம் பறக்கும், கூடும், மரச்சட்டங்களின் இடுக்கில் முட்டையிடும், செத்துவிடும்.

அந்த முட்டைகளைச் சுரண்டி எடுப்பதுதான் ஜெயகௌரியின் வேலை. ஒரு கிராமுக்கு நாற்பதாயிரம் முட்டை. மற்றவர்கள் நிறுத்துப் பார்ப்பதற்குள் அவள் கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். தீவனம் புளித்தால் கதவடியிலேயே மூக்கு பிடித்துவிடும். 2021இல் ஈ அறை முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்தது.

மகள் தன் சிநேகிதர்களிடம் அம்மா பயோடெக்கில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். கோயிலில் அவளுக்கு வேறு பெயர். "புழுக்கௌரி வாறாள், வடையை மூடுங்கோ" என்பார்கள். "மூடாதேங்கோ, உங்கட வடையை என்ர புழுவும் தின்னாது" என்று அவளும் விடமாட்டாள்.

2022 ஒக்டோபரில் கோயிலுக்குக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பின்பக்கக் குறுகிய ஒழுங்கையில் குப்பைத்தொட்டிகள் வழிகின்றன, எலி ஓடுகிறது, பக்கத்து வீட்டார் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஆறு வாரத்துக்குள் சீர்செய்யாவிட்டால் நடவடிக்கை. கோயிலின் செயலாளர் கனகலிங்கம் அதை எடுத்துக்கொண்டு நேரே ஜெயகௌரியிடம் வந்தார்.

அவர் வந்து கேட்டால் அவள் மறுக்கமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2002இல், அவளுடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்கு வந்தபோது, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து நீதிபதி முன்னால் சாட்சி சொன்னவர் அவர். "இந்தப் பிள்ளையின்ர தகப்பனை எனக்குத் தெரியும், இவள் சொல்லுறது உண்மை" என்றார். மூன்று வாரத்தில் விசா வந்தது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணை. தைப்பொங்கலுக்கு முதல் பானைப் பொங்கல் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"தங்கச்சி, உங்கட புழுக்கள் பழம் தின்னுமோ?" என்று கேட்டார்.

"தின்னும் அண்ணை. தேங்காய் எண்டா இன்னும் விருப்பம்."

"அப்ப எங்கட பிரச்சினை முடிஞ்சுது."

முடியவில்லை. பூமாலை அறையில் சிவனேஸ்வரி இருந்தார். வயது எழுபத்தொன்று. கோயிலுக்கு வரும் பூவெல்லாம் அவர் கையால்தான் மாலையாகும். வெம்பிளியில் வாங்கும் இளஞ்சிவப்பு நூலால் கட்டுவார், வேறு நூலைத் தொடமாட்டார். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது இரண்டு பிள்ளைகளையும் வழியில் பறிகொடுத்தவர். அதன்பிறகு கடிக்கிற நுளம்பைக்கூட அடித்ததில்லை. பெண்கள் பன்னிரண்டு பேர் சுற்றியிருக்க, ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் கேக்கிறது ஒண்டுதான் பிள்ளை. பிள்ளையாருக்குப் படைச்சதைப் புழு தின்னட்டும். அதுவும் ஒரு உயிர்தானே, அதுக்கும் பசிக்கும். ஆனா தின்னக் குடுத்துப்போட்டு அவிச்சுக் கொல்லுறதெண்டா, அதுக்கு என்னால மாலை கட்டேலாது."

பெண்கள் எல்லோரும் ஜெயகௌரியைப் பார்த்தார்கள்.

அவள் மறுநாள் பண்ணை மேலாளர் கிரணிடம் பேசினாள். கோயம்புத்தூர்க்காரன், பொறியாளன், முப்பத்தெட்டு வயது. யோசித்துவிட்டுச் சொன்னான்: "பண்ணலாம்க்கா. கோயில்ல இருந்து வர்றதை மஞ்சள் பெட்டியில தனியா வெச்சுக்கலாம். அந்தப் புழுவை மட்டும் அறுவடை பண்ணாம ஈயாக விட்டுடலாம். முட்டை போட்டுட்டு தானா சாகட்டும். எனக்கும் ஈ வேணும்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவனே கோயிலுக்கு வந்தான். பூசை முடிந்து கற்பூரத் தட்டு வந்தபோது, அதன்மேல் கையை வைத்து, எல்லோரும் கேட்க அதையே திரும்பச் சொன்னான். கனகலிங்கம் மெதுவாகக் கேட்டார், "ஏதும் எழுத்தில எடுப்பமோ?"

"பிள்ளையாருக்கு முன்னால சொன்னதை எழுதிக் கேட்டா, பிள்ளையாரை நம்பேல்லை எண்டெல்லோ வரும் அண்ணை" என்றாள் ஜெயகௌரி. பெண்கள் தலையாட்டினார்கள். அவள் சிவனேஸ்வரியின் பக்கம் திரும்பி, "அக்கா, ஒண்டையும் கொல்லமாட்டினம். நான் பொறுப்பு" என்றாள். சிவனேஸ்வரி ஊசியை எடுத்தார்.

சமையலறைக்குள் போய்வந்த எதுவும் பண்ணைக்குப் போகக்கூடாது என்பது சட்டம். ஆகவே மோதகமும் பொங்கலும் ஒரு தொட்டி, பழமும் தேங்காயும் பூவும் மஞ்சள் பெட்டி. ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்த கையோடு வந்து அவளே பிரித்தாள், மாலைகளின் நூலை உருவி எடுத்தாள், மாறிப் போட்டவர்களை ஏசினாள். முதல் மூன்று மாதம் மஞ்சள் பெட்டிகள் அவளுடைய ஈ அறைக்கே வந்தன. பிறகு பண்ணை முற்றத்துக்கு எதிரே இரண்டாவது கட்டடம் எடுத்தது. மஞ்சள் பெட்டிப் புழுக்கள் இனி அங்கேயுள்ள இருட்டறையில் ஈயாகும் என்றான் கிரண். மாதாமாதம் கோயிலுக்கு இரண்டு மூட்டைப் பசளை திரும்பி வந்தது. பின்முற்றத்துத் தொட்டிகளில் அறுகம்புல் அடர்ந்து வளர்ந்தது. எலி போயிற்று. கவுன்சில்காரர் வந்து பார்த்துவிட்டுக் கைகொடுத்துப் போனார்.

2025 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. இரண்டாவது கட்டடத்தில் சல்லடைக்காரருக்குக் காய்ச்சல். காலை ஷிப்டில் ஒருவர் வேண்டும் என்றதும் ஜெயகௌரி போனாள்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பு றஜீனா. புத்தளத்திலிருந்து வந்தவள், வேகக்காரி, வாயும் வேகம். அதிர்ந்துகொண்டே இருக்கும் நீளமான சல்லடையில் பெட்டிகளைக் கவிழ்க்க வேண்டும். பசளை கீழே கொட்டும், புழுக்கள் சல்லடை மேலாலேயே நகர்ந்து போய்க் கொதிநீர்த் தொட்டிக்குள் விழும். ஜெயகௌரி ஒரு மணி நேரம் சாம்பல் நிறப் பெட்டிகளைக் கவிழ்த்தாள். அடுத்த தள்ளுவண்டியில் வந்தவை மஞ்சள்.

யாரோ மாறிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நிறுத்தச் சொல்வதற்குள் றஜீனா இரண்டைக் கவிழ்த்துவிட்டாள். சல்லடையின் மேல் புழுக்கள் ஓட, அவற்றுக்கு நடுவே ஏதோ சுருண்டு சிக்கிக்கொண்டது. ஜெயகௌரி கையுறையோடு எடுத்தாள். இளஞ்சிவப்பு நூல். அவள் உருவ மறந்த ஒன்று.

"அதைத் தூக்கிப் போடுங்கோ அக்கா, கிழமைக்குக் கிழமை இந்தக் கரைச்சல்தான்" என்றாள் றஜீனா. "போன மாசம் மோட்டரிலயும் சுத்திட்டுது."

"கிழமைக்குக் கிழமையோ?"

"ஓம். வியாழக்கிழமை எண்டா மஞ்சள் பெட்டிதானே."

"இது இருட்டறைக்கெல்லோ போகோணும்?"

றஜீனா இயந்திரத்தை நிறுத்தினாள். "எந்த இருட்டறை? அக்கா, உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் செய்யிறீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

நிறுத்துவதற்கு முன் போன புழுக்கள் கொதிநீரில் வெளுத்து மிதந்தன. அந்த வாசம் அவளுக்குப் பழக்கமானது. ஆறு வருடமாகச் சட்டையில் ஏறி வீட்டுக்கு வரும் வாசம். அன்று அவள் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்து, மீதிப் பெட்டிகளைத் தொடாமல் நேரே கிரணின் அறைக்குப் போனாள்.

கிரண் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"உக்காருங்கக்கா. மூணு மாசம் நான் சொன்னபடிதான் செஞ்சேன், நீங்களே பாத்தீங்க. அதுக்கப்புறம் கணக்கு வரலை. வாரத்துக்கு முந்நூறு கிலோ தின்னா அறுபது கிலோ புழு. கிலோவுக்கு ஆறாயிரம். மூணரை லட்சம் ஈ. அதுல பாதி பொண்ணு, ஒவ்வொண்ணும் ஐந்நூறு முட்டை. ஒம்பது கோடிக்கா. ஒரே ஒரு வாரத்துக்கு. எங்க வெச்சுக்கறது? பார்க் ரோயல் முழுக்க விட்டாலும் பத்தாது. நீங்களே முட்டை எண்ணுறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் முட்டை நிறுத்தவள் அவள். இந்தப் பெருக்கலை ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. கற்பூரத் தட்டில் கை வைத்தவன் சொன்னதை எதற்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும்?

"எனக்கு ஏன் தம்பி சொல்லேல்லை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். முதல்ல உங்க கோயில் செயலாளர்கிட்ட ஃபோன்ல சொன்னேன். 'பரவாயில்லை தம்பி, பெட்டி வெளிய போனாச் சரி. கௌரிக்கு மட்டும் சொல்லாதேங்கோ, அவள் மனசு கஷ்டப்படுவாள்'னார். நான் அவர் உங்க அண்ணன்னே நெனச்சேன்."

சனிக்கிழமை காலை கோயில் அலுவலக அறையில் கனகலிங்கம் தனியே இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து தேத்தண்ணி ஊற்றினார். அவள் கோப்பையைத் தொடவில்லை.

"அண்ணை, மஞ்சள் பெட்டி விசயம் உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் சீனிப் போத்தலை மூடினார். "கிரண் சொல்லிப்போட்டானாக்கும்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். இரும் தங்கச்சி. என்ன செய்யச் சொல்லுறீர்? திரும்பவும் எலி வரட்டோ? கவுன்சில் கோயிலைப் பூட்டட்டோ?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் சிவனேசக்காவுக்குச் சொல்லி வேற வழி பாத்திருப்பன்."

"சிவனேசக்கா மாலை கட்டுறதை விட்டிருப்பா. அவவோட பத்துப் பேர் போயிருப்பினம். நீர் சொன்னதாலதான் எல்லாரும் நம்பினவை. நான் சொல்லியிருந்தா ஆர் கேட்டிருப்பினம்?"

அவர் அதைப் பாராட்டுப் போலத்தான் சொன்னார். ஜெயகௌரி வெள்ளிக்கு வெள்ளி வேலைக் களையோடு வந்து குந்தியிருந்து பழம் பிரித்தது, நூல் உருவியது, "ஒண்டும் சாகாது" என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் சொன்னது எல்லாம் இவர் பார்த்துக்கொண்டிருக்க நடந்தவை. சிலநாள் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கியும் கொடுத்தவர்.

"நான் அவைக்குச் சொல்லத்தான் போறன்."

"சொல்லி?" அவர் குரல் தணிந்தது. "உமக்கொரு விசயம் சொல்லுறன். உம்மட வழக்கில நான் சாட்சி சொன்னனானெல்லோ. உம்மட அப்பாவை நான் வாழ்நாளில கண்டதில்லை. ஆரோ தந்த கடிதத்தில பேரைப் பாத்தன், அவ்வளவுதான். பைபிள் வேண்டாம் எண்டு கீதையில கை வைச்சுச் சொன்னன். பொய். அந்தப் பொய்யிலதான் நீர் இண்டைக்கு இந்த நாட்டில இருக்கிறீர். அது நல்லதுக்குச் சொன்னது. இதுவும் அப்பிடித்தான்."

இருபத்துமூன்று வருடம் அந்த மனிதருக்கு முதல் பானைப் பொங்கல் கொடுத்திருக்கிறாள். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு அவரை அழைத்து, "அப்பா எப்பிடிச் சிரிப்பார் அண்ணை, உங்களுக்கு ஞாபகமோ?" என்று ஒருதரம் கேட்டிருக்கிறாள். அவர் பதிலும் சொல்லியிருக்கிறார். வாய்விட்டுச் சிரிப்பார் என்று. அப்பா இறக்கும்போது அவளுக்கு வயது நான்கு. அந்தச் சிரிப்பைப் பிள்ளைக்கும் சொல்லி வளர்த்தாள்.

"வாறன்" என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

அன்று பின்னேரமே சிவனேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். நூல், றஜீனா, கிரணின் கணக்கு, கனகலிங்கம், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். தன் அப்பாவைப் பற்றியதை மட்டும் சொல்லவில்லை. சிவனேஸ்வரி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் கேட்டது இதுதான்:

"நீ அங்கதானே பிள்ளை வேலை செய்யிறாய்?"

"ஓம் அக்கா. ஆனா மற்றக் கட்டடம்."

"எத்தினை அடி தூரம்?"

முற்றத்தைக் கடக்க நாற்பது அடி.

"ரெண்டரை வருசம். ஒருநாள் எட்டிப் பாக்கேல்லையோ? ஒரு ஈ எத்தினை முட்டை போடும் எண்டு எனக்கே நீ சொல்லித் தந்தனி. எனக்கு எண்ணத் தெரியாது. உனக்குத் தெரியும்." சிவனேஸ்வரி அழவில்லை, ஏசவில்லை. "நீ பொய் சொன்னனி எண்டு நான் சொல்லேல்லை. தெரிய விரும்பேல்லை எண்டு நினைக்கிறன். போயிட்டு வா, எனக்குத் தலை இடிக்குது."

செய்தி வெள்ளிக்குள் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ வரை போயிருந்தது. அந்த வெள்ளி கோயிலில் வழமையைவிடக் கூட்டம். பூமாலை அறை பூட்டியிருந்தது. பிள்ளையாருக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாலை. ஜெயகௌரி தூணோரம் நின்றாள். முன்பு அவளுக்கு இடம் விட்டு நகர்பவர்கள் இன்றும் நகர்ந்தார்கள், அவளிடமிருந்து.

பூசை முடிந்ததும் கனகலிங்கம் மைக்கைத் தட்டினார். அன்னதானம், பாலஸ்தாபனம், கார் நிறுத்துமிடம் என்று வரிசையாக அறிவித்துவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார்.

"பூசைக்குப் பிறகு கழிக்கிற பொருட்கள் சம்பந்தமா நடந்த காரியம் நிர்வாகத்துக்கு மிகவும் மனவருத்தம். அந்தத் துறையில அனுபவமுள்ள ஒராளின்ர உறுதிமொழியை நம்பித்தான் நாங்கள் சம்மதிச்சனாங்கள். எழுத்தில எடுப்பம் எண்டு அண்டைக்கே நான் கேட்டனான். பெரியாக்கள் கனபேர் சாட்சி."

சாட்சிகள் தலையாட்டினார்கள். அவர் கேட்டது உண்மைதானே. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஜெயகௌரி மைக்கை நோக்கி நாலு அடி வைத்தாள். அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. யார் அடிக்கச் சொன்னார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

வெளியே செருப்புத் தட்டடியில் ஒரு பெண், தெரியாத முகம், தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உதுகளெல்லாம் வேலைத்தலத்தில நல்ல பேர் எடுக்கச் செய்யிற வேலை." ஜெயகௌரி குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "நல்ல பேர்தான் எடுத்தனான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை அவள் கிரணிடம் இரண்டு வரி எழுதித் தரக் கேட்டாள்: கோயில் செயலாளருக்கு எப்போது சொன்னான், அவர் என்ன பதில் சொன்னார். அவன் நெற்றியைத் தேய்த்தான். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றான். கேட்டான். வாடிக்கையாளர் விவகாரத்தில் எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது. "சாரிக்கா, வாயால வேணா வந்து சொல்றேன்" என்றான். "வாயால சொன்னது போதும் தம்பி" என்று அவள் ஈ அறைக்குத் திரும்பினாள். அன்று சட்டங்களில் பதினேழு கிராம் முட்டை இருந்தது. சுரண்டி எடுத்து, நிறுத்து, எழுதினாள்.

கோயிலின் வருடாந்தப் பொதுக்கூட்டம் மார்ச் இருபத்துமூன்றாம் தேதி, ஞாயிறு காலை பதினொன்றரைக்கு. ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டு ஜெயகௌரி கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். நிகழ்ச்சி நிரல் இன்னும் வரவில்லை.